நாலாவது பைப்பில் வைத்த விரல்

பாலிடெக்னிக் முடித்து வேலைக்கு மனுப் போட்டுக் காத்திருந்த நாட்களில், இராஜபாளையத்தில் அண்ணன் நடத்திய ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தேன். அப்பா இறந்தபின் வீட்டுக்குச் சோறு போட்டது அவன் கைவேலைதான்.

ஒரு நாள் டீசல் அம்பாசடர் ஒன்று வந்தது. மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டிய வண்டி. சரிசெய்து வந்திருந்த டீசல் பம்பை மாட்டும் வேலையை அண்ணன் என்னிடம் விட்டான்.

நோட்டில் வரிசையாக எழுதி வைத்துக்கொண்டு செய்தேன். டைமிங் குறிகளை நேராக நிறுத்தி, பம்பை மாட்டி, போல்ட்டுகளை முறுக்கினேன். இன்ஜினுக்குப் போகும் நாலு பைப்பையும் பூட்டி, உள்ளே இருந்த காற்றை வெளியேற்றினேன். வண்டி கிளம்பியது. ஆனால் மிஸ் அடித்தது, விட்டுவிட்டுத் திணறி ஓடியது.

“ஏட்டி, பைப்பு எங்கனயோ கசியுது.”

“நட்டெல்லாம் டைட்டாத்தான் இருக்குண்ணே. நிறுத்திட்டுப் பாப்போம்.”

“நிறுத்திட்டா எப்படித் தெரியும்? டிப்ளமாக்காரி கண்ணால பாரு, நான் கையால பாக்கேன்.”

எங்கள் பக்கத்து ஒர்க்‌ஷாப்புகளில் எல்லோரும் செய்வதுதான். ஓடுகிற இன்ஜினில் பைப் நெடுக விரலை ஓட்டுவார்கள். ஈரம் தட்டினால் அங்கே கசிவு. நாலாவது பைப்பில் மயிரிழை அளவு விரிசல் இருந்திருக்கிறது. அண்ணன் சட்டென்று கையை இழுத்தான். ஆள்காட்டி விரல் நுனியில் ஒரு புள்ளி. ரத்தம்கூட வரவில்லை.

“எறும்பு கடிச்சாக்கூட இதவிட வலிக்கும்,” என்றான். நானும் சிரித்துவிட்டுப் பைப்பை மாற்றினேன். மதியம் அதே கையால் சோற்றைப் பிசைந்து சாப்பிட்டான்.

சாயங்காலம் விரல் வீங்கி வெளுத்தது. ஊர் டாக்டரிடம் ஏதோ கம்பி குத்தியிருக்கும் என்று சொன்னோம். அவர் டி.டி. ஊசி போட்டு அனுப்பினார். மறுநாள் உள்ளங்கை வரை கறுத்திருந்தது. மதுரைக்கு பஸ்ஸில் கூட்டிப்போனேன்.

அங்கே டாக்டர் நடந்ததைக் கேட்டுவிட்டு, “டீசல் உள்ள போயி எத்தனை மணி நேரம் ஆச்சு?” என்றார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. விரிசலில் பீறிட்ட டீசல் ஊசிபோலத் தோலைத் துளைத்து உள்ளே போயிருக்கிறது. அந்தப் பம்பு எவ்வளவு அழுத்தத்தில் டீசலைத் தள்ளும் என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள் நான்.

“நேத்துப் பதினோரு மணிக்கு,” என்றேன்.

ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் எடுத்தார்கள். மற்றவை மடங்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து அண்ணன் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தான். ஸ்பேனரை இடக்கையில் எடுத்து ஒரு நட்டில் வைத்தான். நழுவி விழுந்தது. மறுபடி வைத்தான், மறுபடி விழுந்தது. அதை வாங்கிக்கொள்ள நான் கையை நீட்டினேன், தரவில்லை. மூன்றாவது தடவை விழுந்ததை அவன் குனிந்து எடுக்கவில்லை.

“ஷட்டரை இறக்குட்டி,” என்றான்.