ஒரு சாண் தூரத்து முகம்

என் மனைவிக்குச் சின்ன வயதிலிருந்தே கிட்டப்பார்வை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டால் ஒரு சாண் தூரத்துக்கு அந்தப் பக்கம் இருப்பதெல்லாம் அவளுக்குப் புகைமூட்டம்தான். இதைக் கல்யாணத்துக்கு முன்னால் எங்களிடம் யாரும் சொல்லவில்லை. கொட்டாம்பட்டிப் பக்கம் நாங்கள் பெண் பார்க்கப் போனபோது கண்ணாடியை எங்கேயோ ஒளித்துவிட்டு, காப்பித் தட்டைக் கையில் கொடுத்து அவளை அனுப்பியிருக்கிறார்கள். அவள் நேராக வந்து, மாப்பிள்ளை என்று நினைத்து, தரகரிடம் தட்டை நீட்டிவிட்டு வெட்கத்தோடு தலையைக் குனிந்துகொண்டாள். தரகருக்கு அறுபது வயதிருக்கும். அவர் காப்பியை எடுத்துக்கொண்டு, "எனக்குப் பேரன் இருக்கான்த்தா. மாப்ள அந்தா மூலையில உக்காந்திருக்காரு பாரு" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு நிம்மதியாக இருந்தது. நான் கூச்சக்காரன். அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஒரு பெண் என்னை உற்றுப் பார்த்தால் கை கால் எங்கே இருக்கிறது என்றே மறந்துபோகும். இவளுக்கு என்னைச் சரியாகத் தெரியவில்லை என்பதுதான் எனக்குச் சம்மதம் சொல்லும் தைரியத்தைக் கொடுத்தது.

விளாங்குடியில் ஒரு அறையும் சமையல் கட்டும் உள்ள வீட்டில் குடியிருந்தோம். காளவாசலில் ஒரு லாரி ஆபீஸில் எனக்கு வேலை. பண்டல்களின் மேல் கறுப்பு மையால் ஊர்ப்பெயர் எழுதுவேன். அவள் பத்தாவது தேறியவள். தெற்கு மாசி வீதியில் ஒரு ஜவுளிக்கடையில் மேல்மாடி குடோனில் சேலைகளுக்கு விலைச்சீட்டு கட்டிக்கொண்டிருந்தாள். அப்போது எங்களுக்குப் பிள்ளை இல்லை.

அவள் கண்ணாடி சோடா பாட்டில் அடிப்பாகம் கனம். அதற்குள் கண் சின்னதாகத் தெரியும். தெருவில், பஸ்ஸில், கடையில் எல்லோருக்கும் தெரிந்தது அந்த முகம்தான். ராத்திரி படுக்கப்போகும்போது கழற்றி ஜன்னலில் வைப்பாள். அப்போது வேறு ஒரு முகம் வெளியே வரும். கண் பெரிதாகிவிடும். மூக்கின் இரண்டு பக்கமும் கண்ணாடி அழுத்திய சிவந்த தடம் இருக்கும். அவள் அம்மா வீட்டாரையும் பெண் பார்க்க வந்தவர்களையும் கணக்கில் சேர்க்காவிட்டால் அந்த முகத்தைப் பார்த்தவன் உலகத்தில் நான் ஒருவன்தான். அவளுக்கு என் முகம் தெரிய வேண்டுமானால் ஒரு சாண் தூரத்துக்கு வரவேண்டும். வருவாள். எனக்கு நிலம் கிடையாது, நகை கிடையாது. என் சொத்து என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது இதைத்தான்.

எண்பதுகளின் நடுவில் கடையில் பட்டு செக்‌ஷனுக்கு ஆள் தேவைப்பட்டது. சம்பளம் கூட. கடைக்காரர்கள் சௌராஷ்டிரக் குடும்பம். முதலாளியம்மா இவளைக் கூப்பிட்டு மேலும் கீழும் பார்த்துவிட்டு மகனிடம் தங்கள் பாஷையில் ஏதோ சொன்னாராம். மகன் அதைத் தமிழில் சொன்னான்: "கண்ணாடி இல்லாட்டி உங்களையே போட்டுருவோம்." பட்டை எடுத்துத் தோளில் போட்டுக் காட்டுகிற பெண்ணின் முகத்தையும் சேர்த்துத்தான் கல்யாண வீட்டார் பார்க்கிறார்கள் என்பது அவர்கள் கணக்கு.

அவள் மாசாமாசம் கட்டிவந்த சீட்டுப் பணம் அப்போது அவளுக்கு விழுந்தது. கண் டாக்டரிடம் போய் லென்ஸுக்கு அளவு கொடுத்துவிட்டு வந்து அதன் பிறகுதான் என்னிடம் சொன்னாள். "கண்ணுக்குள்ளேயே வைக்கிறது. வெளிய தெரியாது" என்றாள்.

"வலிக்காதா?"

"வலிச்சா பழகிக்கிர வேண்டியதுதான்."

லென்ஸை வாங்கிய அன்று நானும் கூடப் போனேன். சட்டைப் பொத்தானைவிடச் சின்ன வில்லை. டாக்டர் பொறுமையான மனிதர். கையை சோப்பால் கழுவாமல் தொடாதே, எட்டு மணி நேரத்துக்கு மேல் போடாதே, போட்டுக்கொண்டு தூங்காதே, மிளகாய் நறுக்கிய கையால் எடுக்காதே என்று அவளிடம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "நீங்களும் கேட்டுக்கங்க. கண் சிவந்தா உடனே கழட்டிட்டு இங்க வரணும். நான் குடுக்கிற மருந்துத் தண்ணியத் தவிர வேற எதையும் கண்ணுல விடக்கூடாது." யாரும் என்னைப் பார்த்து இவ்வளவு நேரம் பேசியதில்லை. தலையாட்டினேன்.

மறுநாளிலிருந்து எங்கள் வீட்டுக் காலைப்பொழுது மாறிவிட்டது. அவள் ஈரத்துண்டை விரித்து அதன் மேல் எவர்சில்வர் தட்டை வைப்பாள். சாக்கடை ஓட்டையைத் துணியால் அடைப்பாள். ஃபேனை நிறுத்துவாள். ஒரு வில்லை தவறி விழுந்தால் இன்னொன்று வாங்க வழியில்லை. என்னை வாசலுக்கு அனுப்பிவிடுவாள். "நடக்காதீங்க, காத்து அடிக்குது" என்பாள். நான் சட்டை போடாமல் வாசலில் நின்று, உள்ளே அவள் முகம் பார்க்கும் கண்ணாடி முன்னால் கண்ணை விரித்து விரித்துப் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். என்னை ஒரு நாளும் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

பிறகு அந்த முகத்தோடு தெருவில் இறங்கிப் போவாள். என் முகத்தோடு. எதிர்வீட்டுக்காரர் பல் விளக்குவதை நிறுத்திப் பார்ப்பார். பஸ் கண்டக்டர் பார்ப்பான். தெற்கு மாசி வீதி முழுக்கப் பார்க்கும்.

லாரி ஆபீஸில் ஒருவன் கேட்டான். "மாப்ள, நேத்து பெரியார் பஸ் ஸ்டாண்டுல உன் வீட்டுக்காரியப் பாத்தேன். யாரோ பெரிய எடத்துப் புள்ளன்னு நெனச்சு ஒதுங்கி வழி விட்டேன். அப்புறம் பாத்தா அது நம்ம தங்கச்சி."

இன்னொருவன், "அப்ப இவன் யாரு, டிரைவரா?" என்றான்.

நான் சிரித்துவைத்தேன். அன்று திண்டுக்கல்லுக்குப் போகவேண்டிய பண்டலில் தேனி என்று எழுதி ஏச்சு வாங்கினேன்.

ஒரு நாள் வேலை முடிந்து சைக்கிளை மிதித்துக்கொண்டு அவள் கடைக்கு எதிரே போய் நின்றேன். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் விளக்கு வெளிச்சத்தில் நின்று, மாம்பழ நிறத்தில் ஒரு பட்டைத் தோளில் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தாள். முன்னால் ஒரு குடும்பம். பெண்கள் சேலையைப் பார்த்தார்கள். கூட வந்த ஆண்கள் சேலையையும் பார்த்தார்கள். அவள் நிமிர்ந்தபோது தெருவைத் தாண்டி என்னைக் கண்டுவிட்டாள். கையை ஆட்டினாள். நான் யாரையோ தேடுகிறவன் மாதிரி தலையைத் திருப்பிக்கொண்டு சைக்கிளை எடுத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டாள். "எதுத்தாப்ல நின்னீகளே, உள்ள வந்தா என்ன?"

"சும்மா அந்தப் பக்கம் ஒரு வேலை."

"வேலையா? கால்ல செருப்பு கூட இல்லாம?" என்று சிரித்தாள். தெருவுக்கு அந்தப் பக்கம் நின்றவனின் காலைப் பார்த்திருக்கிறாள். ராத்திரி லென்ஸைக் கழற்றி விளக்கை அணைத்ததும் களைத்துப்போய்ப் படுத்துவிட்டாள். ஒரு சாண் தூரத்துக்கு வரவில்லை. பகலிலேயே போதுமான அளவு பார்த்துவிட்டாள் போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

தீபாவளி நெருங்கியது. கடையில் காலையிலிருந்து கடை அடைக்கும் வரை கூட்டம். பையில் கண்ணாடி இருந்தது. ஆனால் லென்ஸைக் கழற்றிக் கண்ணாடியைப் போட்டால் மேல்மாடிக்குப் போகவேண்டும், அவள் இடத்துக்கு வேறு பெண் வந்துவிடுவாள். அதனால் நாள் முழுக்க லென்ஸோடு நின்றாள். மருந்துத் தண்ணி தீரப்போனது. விலை கொஞ்சமில்லை. ராத்திரி லென்ஸை ஊறவைக்கும் டப்பியில் நேற்றைய தண்ணியைக் கொட்டாமல், மேலே புதுசாக இரண்டு சொட்டு மட்டும் விட்டாள். மோர் மிச்சம் வைத்து அடுத்த நாள் பாலுக்கு உறை ஊற்றுகிற வீட்டில் வளர்ந்தவள். நேற்றையதில் கொஞ்சம் இருந்தால் இன்றையது கெடாது என்பது அவள் கை பழகிய வழக்கம். நானும் பார்த்தேன். எனக்கும் அது சிக்கனமாகத்தான் பட்டது.

ஒரு நாள் சரக்கு வராததால் நான் வீட்டில் இருந்தேன். மதியம் அவள் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு வந்தாள். கண் ரத்தமாகச் சிவந்திருந்தது. தண்ணீர் கொட்டியது. இடது கண் லென்ஸைக் கழற்ற முடியவில்லை, இமையைத் திறந்தாலே துடித்தாள். "பஸ்ஸ விட்டு எறங்கிச் சுவத்தப் பிடிச்சுட்டுத்தான் வந்தேன்" என்றாள். வேலை போனாலும் போகிறது, பார்வை போய்விட்டால் என்ன செய்வது என்றுதான் எனக்கு ஓடியது.

பக்கத்து வீட்டுப் பெண் சத்தம் கேட்டு வந்தாள். கைக்குழந்தைக்காரி. பார்த்துவிட்டு ஓடிப்போய்க் கொஞ்ச நேரத்தில் குழந்தைக்குப் புகட்டும் பாலாடையில் தாய்ப்பால் பீய்ச்சிக் கொண்டுவந்தாள். எங்கள் பக்கம் கண் சிவந்தால் முதல் மருந்து அதுதான். எனக்கும் சின்ன வயதில் விட்டிருக்கிறார்கள்.

"அக்கா, அண்ணாந்து படுங்க. ரெண்டு சொட்டு விட்டாச் சூடு எறங்கிரும்."

என் மனைவி வலி தாங்காமல் படுத்துவிட்டாள். அந்தப் பெண் பாலாடையைச் சாய்த்தாள். நான் குறுக்கே கையை நீட்டி மனைவியின் கண்ணை மூடினேன்.

"வேணாம்மா" என்றேன்.

"என்னண்ணே வேணாம்?"

"உள்ள லென்ஸு இருக்கு. டாக்டரு வேற எதுவும் விடக்கூடாதுன்னாரு."

"பச்சப்புள்ள குடிக்கிற பாலுண்ணே. இதவிடச் சுத்தமானது எது இருக்கு?"

"சுத்தந்தான்மா. இருந்தாலும் வேணாம்."

அவள் பாலாடையைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அந்தத் தெருவில் அதுவரை நான் யாரையும் மறுத்துப் பேசியதில்லை. "அப்ப என் பாலு அம்புட்டுக் கேவலமாப் போச்சு" என்று சொல்லிவிட்டுப் போனாள். அடுத்த ஆடி வரை எங்களோடு பேசவில்லை.

மனைவியைக் கைத்தாங்கலாகப் பஸ்ஸில் ஏற்றி டாக்டரிடம் கூட்டிப்போனேன். வழியெல்லாம் என் தோளில் முகத்தை வைத்திருந்தாள். டாக்டர் சொட்டு மருந்து விட்டு, மரத்துப்போன பிறகு இமையை விரலால் விரித்தார். குனிந்து, விளக்கைப் பிடித்து, அவள் கண்ணுக்குள் பார்த்தார். அவர் முகம் அவள் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. அவள் பார்வை போய்விடுமோ என்று பயந்துகொண்டிருந்த அந்த நேரத்திலும் எனக்கு அது சுருக்கென்று குத்தியது. மனசு அப்படித்தான் இருக்கிறது.

வில்லையை எடுத்துவிட்டு, "கருவிழியில கீறல். அழுக்கும் சேர்ந்திருக்கு. வேற எதுவும் விட்டீங்களா?" என்று கேட்டார்.

"இல்லைங்க."

"நல்ல காரியம். விட்டிருந்தா புண்ணாயிருக்கும்."

பழைய தண்ணியை வைத்துக்கொண்டதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "மிச்சம் பிடிக்கணும்னா போடுற நேரத்தக் குறைங்க. தண்ணியக் குறைக்காதீங்க. தினமும் கொட்டிட்டு, டப்பியக் கழுவிக் காய வச்சு, புதுசு ஊத்தணும்."

கண்ணில் கட்டுப் போட்டு அனுப்பினார். கட்டு அவிழ்த்த பிறகும் தை வரை லென்ஸைத் தொடக்கூடாது என்றார். சோடா பாட்டில் கண்ணாடி திரும்பி வந்தது. கடையில் அவள் மறுபடி மேல்மாடிக்குப் போனாள். எதிர்வீட்டுக்காரர் ஒழுங்காகப் பல் விளக்கினார். என் சொத்து எனக்கே திரும்பக் கிடைத்துவிட்டது. ஆனால் அவள் கண்ணாடியைக் கழற்றியதும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். ஒரு ராத்திரி, "என் எடத்துக்கு வந்த புள்ளைக்குப் பட்டு மடிக்கவே தெரியல. அவள நிக்க வச்சிருக்காக" என்றாள். குரல் வெந்துபோயிருந்தது. எனக்கு அந்தக் குரல் நன்றாகத் தெரிந்தது. மாசக்கணக்கில் என் வயிற்றுக்குள் இருந்த அதே பொறாமை. அவளிடத்தில் அதைக் கேட்டபோது எனக்குக் கொஞ்சம் துணை கிடைத்த மாதிரி இருந்தது.

தை பிறந்து டாக்டர் நாலு மணி நேரம் மட்டும் அனுமதித்தார். அவள் முதலாளியம்மாவிடம் பேசினாள். மூன்று மணிக்கு மேல்தான் பட்டு வாங்க வருகிறார்கள், மூன்றிலிருந்து ஏழு வரை கீழே நிற்கிறேன், மற்ற நேரம் மேல்மாடியில் வேலை பார்க்கிறேன் என்றாள். அந்த அம்மா மகனிடம் பேசி, ஒத்துக்கொண்டார். மருந்துத் தண்ணிக்காக நான் சாயங்காலப் பரோட்டாவை விட்டேன்.

ஆனால் ஏழு மணிக்கு விடமாட்டார்கள். "இந்த ஒரு பார்ட்டி மட்டும்" என்பார்கள், அவளும் நின்றுவிடுவாள். அதனால் நான் போக ஆரம்பித்தேன். செருப்பு போட்டுக்கொண்டு, உள்ளே போய், பட்டு செக்‌ஷன் தூணுக்குப் பக்கத்தில் நிற்பேன். யாரிடமும் பேசமாட்டேன். "உங்க கடிகாரம் வந்துருச்சுக்கா" என்று கூட நிற்கும் பெண்கள் சொல்வார்கள். காது சூடாகும். நகரமாட்டேன். அவள் மேல் விழுகிற பார்வையெல்லாம் எனக்கு அங்கிருந்து நன்றாகத் தெரியும். இன்று யார் யார் பார்த்தார்கள் என்று மனசுக்குள் ஒவ்வொருவராக வைத்துக்கொள்வேன்.

ஏழு மணிக்கு மாடிப்படிக்குக் கீழே கைகழுவும் தொட்டிக்கு வருவாள். சோப்புப் போட்டுக் கழுவி, குனிந்து, ஒவ்வொன்றாக எடுத்து டப்பியில் வைப்பாள். அவள் பையைப் பிடித்துக்கொண்டு நான் நிற்பேன். நிமிரும்போது கடையே அவளுக்குப் புகையாகிவிடும். பட்டும் விளக்கும் வாடிக்கைக்காரர்களும் எதுவும் தெரியாது. எதிரே ஒரு ஆள் நிற்கிறான் என்பது மட்டும் தெரியும். அது நான்தானா என்று பார்க்க முகத்தைக் கிட்டத்தில் கொண்டுவருவாள்.

"நீங்கதானா?"

"வேற யாரு?"

"கண்ணாடியத் தாங்க. மேல சேலை குமிஞ்சு கெடக்கு."

"தாரேன், இரு" என்று பைக்குள் கையைவிட்டுத் துழாவிக்கொண்டே நிற்பேன். கண்ணாடிக் கூடு முதலிலேயே கைக்குக் கிடைத்திருக்கும்.