அண்ணன் படத்துக்கு ஒரு சிவப்புச் சீலை

என் கழுத்தில் ஒரு அட்டை தொங்குகிறது. நீல நாடா, என் படம், பெயர், கீழே ஏதோ எழுத்து. எனக்கு வாசிக்கத் தெரியாது. ‘சமூக நிகழ்ச்சிகள்’ என்று எழுதியிருப்பதாக மகள் சொன்னாள். கிடைத்த அன்றே அதைப் போட்டுக்கொண்டு மீன் சந்தைக்குப் போனேன். மீன்காரன் பார்த்துவிட்டு, “என்னம்மா, விலை பாக்க வந்த கவுண்மேந்து ஆளா?” என்று கேட்டான். “ஓம், நல்ல மீனாப் பாத்து எடு,” என்றேன். எடுத்துத் தந்தான். அதற்குப் பிறகு அட்டை இல்லாமல் நான் சந்தைக்குப் போவதே இல்லை.

இதை நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள். நான் கதைக்கிற மாதிரியே எழுது என்றால், “அச்சில வாறதெண்டா அச்சுத் தமிழ்லதான் எழுதுவன். நீங்க சொல்லுறதச் சொல்லுங்கம்மா,” என்கிறாள். சரி, படித்தவள், எழுதட்டும்.

வாவிக்கரையில் இருக்கிற பல்கலைக்கழகத்துக் கலைக்கூடத்தில் ஊர்ச்சனங்களுக்கான நிகழ்ச்சிகளை நடத்துவதுதான் அவளுடைய உத்தியோகம். மாதக் கடைசிச் சனிக்கிழமை ஏதாவது ஒரு ஊரிலிருந்து பஸ்ஸில் ஆட்களை ஏற்றி வந்து, படங்களைக் காட்டி, கதைக்கவிட்டு, தேத்தண்ணி கொடுத்து அனுப்ப வேண்டும். தொடக்கத்தில் பஸ் போகும், ஆட்கள் ஏறமாட்டார்கள். “கம்பசுக்குள்ள எங்களுக்கு என்ன வேலை?” என்று கேட்பார்கள். மகள் வீட்டுக்கு வந்து சோறு தின்னாமல் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு இருப்பாள். அந்த முகத்தைப் பார்க்க முடியாமல்தான் நான் புறப்பட்டேன். வாவியின் இரண்டு கரையிலும் எனக்குச் சொந்தம் இல்லாத ஊர் குறைவு. வீடு வீடாகப் போய், வெற்றிலை போட்டு, ஊர்க்கதை கதைத்து, கடைசியில் “சனிக்கிழமை பஸ் வருது, சும்மா ஏறுங்க கா,” என்பேன். ஏறினார்கள். ஏறினவர்களைச் சுற்றிக் காட்டவும் ஆள் வேண்டுமே, அதுவும் நான்தான்.

நான் படத்துக்கு விளக்கம் சொல்வதில்லை. தெரிந்தால் அல்லவா சொல்ல! “இது ஆரை மாதிரி இருக்கு?” என்று மட்டும் கேட்பேன். அது போதும், பிறகு அவர்களை நிறுத்த முடியாது. ஒருமுறை எருமைப் படம் ஒன்றுக்கு முன்னால் நின்று ஒருத்தி, “என்ட மருமகன் முழிக்கிற மாதிரியே இருக்கு,” என்றாள். பக்கத்தில் நின்றவள், “மாட்டைப் பேசாத கா, அது பாவம்,” என்றாள். அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் காவலாளி ஓடிவந்துவிட்டார்.

எங்கே விட்டேன்? அண்ணனைப் பற்றிச் சொல்லத்தான் தொடங்கினேன்.

அங்கே ஓவியம் படிப்பிக்கிற சேர் ஒருவர், தான் மாணவனாக இருந்த காலத்தில் வாவிக்கரையில் கீறின பழைய படங்களை இந்த முறை காட்சிக்கு மாட்டினார். மாட்டுகிற நேரத்தில் நான் தேத்தண்ணிக் கோப்பையோடு அந்தப் பக்கம் போனேன். சுவரில் என் அண்ணன் நின்றார்.

முழங்கால் தண்ணீரில் நின்றார். வீச்சுவலை தோளில் கிடந்தது. வலையின் ஒரு ஓரத்தைப் பல்லில் கடித்திருந்தார், இதோ எறியப் போகிறார் என்கிற மாதிரி. கடித்தபடியே ஏதோ சொல்வதுபோல உதடு ஒரு பக்கம் இழுபட்டிருந்தது. தேத்தண்ணி முழுவதும் என் காலில் கொட்டிவிட்டது. சுட்டது பிறகுதான் தெரிந்தது.

“ஆர் சேர் இது?” என்று கேட்டேன்.

“பேர் தெரியாதம்மா. கடல் வாறதுக்கு முந்தின வருசம் கீறினது. வலையக் கடிச்சுக்கொண்டே என்னோட கதைச்சார். எனக்கு ஒரு சொல்லும் விளங்கல்ல.”

அதற்குமேல் எனக்குச் சாட்சி வேண்டாம். எங்கள் அண்ணன் சோறு தின்னும்போதும் கதைப்பார், வலையைக் கடித்துக்கொண்டும் கதைப்பார். அந்தப் பேச்சு விளங்குகிற ஆள் ஒருத்திதான், அவருடைய மனைவி, என் மச்சாள். மீன் போடுகிற பறியைக் கையில் வைத்துக்கொண்டு கரையோரம் நிற்பாள். பின்னேர வெயிலில் அவளுடைய நிழல் தண்ணீரில் நீண்டு விழும். மீன் ஓடிவிடும் என்று அண்ணன் பல்லுக்குள்ளேயே கத்துவார். எங்களுக்கு அது கன்றுக்குட்டி கத்துகிற மாதிரிக் கேட்கும். “நிழல் விழுதாம், ஒதுங்கட்டாம்,” என்று எங்களுக்குச் சொல்லிச் சிரித்துக்கொண்டு அவள் ஒதுங்குவாள். ஒதுங்கின பிறகுதான் வலை பறக்கும்.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் ஆண்பிள்ளைதான் பெண்வீட்டுக்குப் போவான். அண்ணனும் கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருக்கிற மச்சாளுடைய ஊருக்குப் போனார். சுனாமியை நாங்கள் ‘கடல் வந்தது’ என்றுதான் சொல்வோம். அது வந்த காலையில் அண்ணன் போனார். கலியாணப் படம் வைத்திருந்த பெட்டி போனது. அடையாள அட்டை அவருடைய சட்டைப்பையோடு போனது. எங்கள் வீட்டில் இருந்த ஒரேயொரு படத்தை அதற்கு முன்னமே கறையான் தின்றுவிட்டது. அவருடைய முகம் என்று மச்சாளிடம் ஒரு துண்டுக் கடதாசி கிடையாது.

படத்தைக் கண்ட அடுத்த நாள் காலையிலேயே மச்சாளிடம் ஓடினேன். முற்றத்தில் குந்தியிருந்து இறால் உடைத்துக்கொண்டிருந்தாள்.

“மச்சாள்! அண்ணன்ட படம் இருக்கு! கம்பஸ்ல, சுவர்ல! வாங்க பாப்பம்!”

அவளுடைய கை நின்றது. துள்ளி எழும்புவாள் என்று நினைத்தேன். அவள் இறாலையே பார்த்துக்கொண்டு, “நான் வரல்ல,” என்றாள்.

“ஏன்?”

“எனக்குள்ள ஒரு முகம் இருக்கு கா. இத்தின வருசமா அத வைச்சுக்கொண்டுதான் இருக்கன். அந்தப் படத்துல வேற மாதிரி இருந்தா? மறுகா எனக்குள்ள இருக்கிறதும் அழிஞ்சு போயிரும். ரெண்டும் இல்லாம நான் என்ன செய்யிற?”

எனக்கு வாய் அடைத்துவிட்டது. அது அடிக்கடி நடக்கிற காரியம் இல்லை என்று மகள் இந்த இடத்தில் தானாகச் சேர்த்து எழுதுகிறாள்.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னதும் மகள்தான் ஒரு வழியும் சொன்னாள். “அடுத்த சனிக்கிழமை மாமிட ஊர்தானேம்மா. படத்துக்கு ஒரு சீலை போட்டு மூடுவம். மாமி விரும்பினா தன்ட கையாலயே விலக்கிப் பாக்கட்டும். இல்லாட்டி மூடினபடி கிடக்கட்டும். வற்புறுத்தாதீங்க.”

சீலை வாங்கக் காத்தான்குடிக்குப் போனோம். கடைக்காரர், “கலியாணத்துக்கா, கோயிலுக்காம்மா?” என்று கேட்டார். “படத்துக்கு,” என்றேன். “படத்துக்கு ஆரு சீல உடுத்துறாங்க?” என்று சிரித்தார். மகள் சாம்பல் நிறத் துணி ஒன்றைத் தொட்டுப் பார்த்தாள். சாம்பலா? என் அண்ணனுக்கா? நல்ல சிவப்பில், சரிகைக் கரை போட்டதைக் கிழிக்கச் சொன்னேன். “அம்மா சொல்றதுதான் சரி, சிவப்புல ஒரு களை இருக்கு,” என்றார் கடைக்காரர். “விக்கிறதெண்டா எல்லாம் சரிதான்,” என்று மகள் முணுமுணுத்தாள்.

சனிக்கிழமை வந்தது. மச்சாளும் வந்தாள். “பஸ்ஸில வாறன். உன்ட தேத்தண்ணியக் குடிக்கிறன். அந்தச் சீலைப் பக்கம் மட்டும் என்னைக் கூப்பிடாத,” என்றாள்.

இப்போது மண்டூரைப் பற்றிச் சொல்லாவிட்டால் நடந்தது விளங்காது. மண்டூர் முருகன் கோயிலில் பூசை செய்கிறவர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு, திரைக்குப் பின்னால் நின்று பூசை செய்வார். திரை திறப்பதில்லை. நாங்கள் திரையைக் கும்பிட்டுவிட்டு நிறைந்த மனதோடு வீட்டுக்கு வருகிறவர்கள். மச்சாளுடைய ஊர்ச்சனம் ஒரு திருவிழாவும் தவறவிடாமல் வாவியைக் கடந்து அங்கே போகிறவர்கள். அன்றைக்கும் அவர்கள் முழுகி, பூ வைத்து, கலைக்கூடத்து வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள். செருப்புப் போடலாம் என்று மகள் சொன்னதை ஒருவரும் காதில் வாங்கவில்லை. உள்ளே சிவப்புச் சீலை, சரிகைக் கரை, மேலே ஒரு விளக்கு வெளிச்சம்.

“இந்தச் சீலைக்குப் பின்னால உங்கட ஊர் ஆள் ஒராள் நிக்கிறார். விரும்பினவங்க…” என்று மகள் தொடங்கினாள். முடிக்கவில்லை. முன்னால் நின்றவள் கையெடுத்துக் கும்பிட்டாள். இன்னொருத்தி நாக்கைச் சுழற்றிக் குரவை போட்டாள். குரவை ஒருத்தியோடு நிற்குமா? கூடமே அதிர்ந்தது. காதைப் பொத்துவதா, கும்பிடுவதா என்று தெரியாமல் சேர் நின்றார். ஒரு பெரியம்மா தலைப்பூவை எடுத்துச் சீலைக்குக் கீழே வைத்தாள். இரண்டு பேர் சுற்றிக் கும்பிடப் போய், பின்னால் சுவர் இருப்பதைப் பார்த்துத் திரும்பினார்கள். பிறகு எல்லாரும் திருப்தியாகத் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார்கள். சீலையை ஒரு கையும் தொடவில்லை.

“சாம்பல் நிறம் எடுத்திருக்கலாம்தானேம்மா?” என்றாள் மகள்.

சேர் சொன்னார்: “இவ்வளவு காலமாப் படம் கீறுறன். குரவை போட்டுக் கும்பிட்டது இண்டைக்குத்தான். அதுவும் பாக்காம.”

நான் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தேன். ஆனால் கடைசி வரிசையில் நின்று கும்பிட்ட மச்சாள் என் கையைப் பிடித்து, “நல்ல வேலை செய்தாய். இப்பிடியே மூடிக் கிடக்கட்டும்,” என்றபோது சிரிப்பு நின்றுவிட்டது. எத்தனை ஊர்களை இங்கே கூட்டி வந்திருக்கிறேன். இவள் ஒருத்தி பார்க்காமல் போகப் போகிறாளே என்று இருந்தது. வற்புறுத்த வேண்டாம் என்று மகள் சொன்னதால் போய்க் கதிரையில் இருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் மச்சாள் வடை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு வந்து பக்கத்துக் கதிரையில் இருந்தாள். சீலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

“நீ பாத்தாய்தானே?”

“பாத்தன்.”

“என்ன உடுத்திருக்கார்?”

“சாரன். நீலம்.”

“நீலம் ஒண்டு அவரிட்ட இருக்கல்ல. அது பச்சை. நனைஞ்சா அப்பிடித் தெரியும்,” என்றாள். “தலையில?”

“துவாய். ஒரு பக்கம் அவிண்டு தொங்குது.”

“ஒருநாளும் இறுக்கிக் கட்டத் தெரியாது.” வடை அப்படியே கையில் இருந்தது. “வாய்?”

“வலையக் கடிச்சிருக்கார் மச்சாள். கடிச்சுக்கொண்டு என்னவோ சொல்றார். எனக்கு விளங்கல்ல.”

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“உனக்கு என்னெண்டு விளங்கும்,” என்றாள். வடையை என் கையில் தந்துவிட்டு எழும்பிப் போனாள். சிவப்புச் சீலையில் எண்ணெய் படாமலிருக்கக் கையைத் தன் சேலையில் நன்றாகத் துடைத்தாள். பிறகு சீலையை விலக்கினாள்.

எங்களுக்குப் பின்னால் கதவு திறந்திருந்தது. பின்னேர வெயில் வாவியைத் தாண்டி உள்ளே வந்து கிடந்தது. நான் படத்தைப் பார்க்கவில்லை, மச்சாளைத்தான் பார்த்தேன். அவள் அண்ணனுடைய முகத்தைப் பார்த்தாள். நெற்றியைப் பார்த்தாள், கடித்த வாயைப் பார்த்தாள், திரும்பவும் முகத்தைப் பார்த்தாள். வெளியே யாரோ தேத்தண்ணிக்குச் சீனி காணாது என்று சத்தம் போட்டார்கள். அப்போது அவளுடைய கண் கீழே இறங்கியது. படத்தில் அண்ணன் நின்ற தண்ணீருக்கு மேலே அவளுடைய நிழல் விழுந்து கிடந்தது.

சேலையைக் கூட்டிப் பிடித்துக்கொண்டு அவள் சட்டென்று ஒரு பக்கம் விலகி நின்றாள்.

“ஒதுங்கிட்டன்,” என்றாள், படத்தைப் பார்த்து. “எறியுங்க.”