மேசையின் கால்களை வெட்டியவள்

எங்கள் சலவைக்கூடத்தில் துணி மடிக்க வந்த சின்னக்காவை, ஒரு மாதம் வைத்துப் பார்ப்பதாகத்தான் முதலாளி சொல்லியிருந்தார். சிறுவயதிலேயே சூம்பிப்போன இடது கால்; அக்குளில் ஊன்றுகோல். விடுதிகளிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளை நாங்கள் நின்றுகொண்டேதான் மடிப்போம். மேசைகள் அந்த உயரம். உட்கார்ந்தால் தூக்கம் வரும் என்பது மேற்பார்வையாளரின் கண்டுபிடிப்பு. அவர் முதலாளியின் மச்சான். அவர் காதில் விழாதபோது எங்களுக்கும் மச்சான்தான்.

சின்னக்காவின் ஒரு கை ஊன்றுகோலுக்கே போய்விட்டது. மீதி ஒரு கையால் அத்தனை பெரிய விரிப்பை எப்படி மடிப்பாள்? பாவம் பார்த்து அவள் பங்கையும் நாங்களே இழுத்துப் போட்டு மடித்தோம். கொஞ்ச நாள் பொறுத்தவள் ஒருநாள் வெடித்துவிட்டாள்.

"என் வேலைய நீங்க செஞ்சா என்னை எதுக்குடி வச்சுப்பாங்க? உங்க பாவமே என்னை வீட்டுக்கு அனுப்பிடும்!"

நேரே மச்சானிடம் போய், தாழ்வான மேசையும் உட்கார ஒரு பலகையும் கேட்டாள்.

"அதோட விட்டியே. தலகாணி வேணாமா?"

"தலகாணி உறை இங்க மலை மாதிரி கிடக்கு சார். மேசைதான் இல்ல."

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

வார விடுமுறை முடிந்து வந்து பார்த்தால், மூலையில் சும்மா கிடந்த மேசை குட்டையாகியிருந்தது. சுற்றிலும் மரத்தூள். தன் தம்பியை ரம்பத்தோடு கூட்டிவந்து வெட்டியிருந்தாள். பக்கத்தில் ஒரு நீளப் பலகையும் போட்டிருந்தாள்.

மச்சான் குதித்தார். "யாரைக் கேட்டு வெட்டினே?"

"உங்களத்தான் கேட்டேன். சிரிச்சீங்களே சார்."

சத்தம் கேட்டு வந்த முதலாளி மேசையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "மாசம் முடியட்டும். இதுக்கும் சேர்த்துப் பேசிக்கறேன்," என்றார்.

உட்கார்ந்ததும் அவளுக்கு இரண்டு கைகளும் கிடைத்தன. மதியத்துக்கு மேல் எங்கள் கால்கள் கல்லாகக் கனக்கும்; கழிப்பறைக்குப் போகிற சாக்கில் சுவரோரம் சாய்ந்துகொள்வோம். அவள் கை மட்டும் காலையில் ஓடிய வேகத்திலேயே ஓடியது. எனக்குக் கெண்டைக்கால் நரம்பெல்லாம் புடைத்துப்போய், வேலையை விடுவதாகச் சொல்லியிருந்த நேரம் அது. அவள் பலகையில் நகர்ந்து இடம் விட்டாள்.

"உக்காரு. தூக்கம் வந்தா நான் கிள்ளிவிடறேன்."

பயந்துகொண்டே உட்கார்ந்தேன். பிறகு இன்னொருத்தி வந்தாள்.

மாதம் முடிந்ததும் முதலாளி வந்தார். எப்போதும் யாராவது கால்வலியென்று வேலையை விட்டுவிடுவார்கள். புதிதாக வருகிறவள் கோணல்மாணலாக மடிப்பாள். விடுதிக்காரர்கள் திருப்பி அனுப்புவார்கள். இந்த மாதம் யாரும் வேலையை விடவில்லை, மூட்டை எதுவும் திரும்பவில்லை. என்னிடம் வந்து, "நீ போறதா சொன்னியேம்மா?" என்றார்.

நான் தரையைப் பார்த்துக்கொண்டேதான் பேசுவேன். "அக்காவும் இந்த மேசையும் இருந்தா போகல சார்."

மறுநாளே முதலாளி கூட்டிவந்த தச்சர், குட்டை மேசையை அளந்து மற்றவற்றிலும் கோடு போட ஆரம்பித்தார். சின்னக்கா ஊன்றுகோலை நீட்டி மறித்தாள்.

"எல்லாத்தையும் என் அளவுக்கு வெட்டாதீங்கண்ணே. அந்த நெட்டையக்கா குனிஞ்சே முதுகு ஒடிஞ்சிடுவா. ஆளை நிக்க வச்சு, உக்கார வச்சு அளங்க."

"அதை நீயே கூட நின்னு பாத்துக்கோ," என்றார் முதலாளி.

"அப்ப என்னோட ஒரு மாசம், சார்?"

"அதான் நேத்தே முடிஞ்சுபோச்சே. இன்னும் என்ன? தச்சர் காத்துட்டிருக்கார் பாரு."