உள்கண்ணாடியில் இருந்த முகம்

டிரைவிங் ஸ்கூல் வாத்தியார் இருபத்தாறு வருடம் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தவர். "மூணு கண்ணாடியையும் சரிபண்ணாம சாவியத் தொடாத" என்பதுதான் அவருடைய முதல் பாடம். மனைவிக்கு ஞாபகம் தப்பிய பிறகு பள்ளியை மூடிவிட்டார். தனியே விட்டால் அந்த அம்மாள் தெருவில் இறங்கி நடந்துவிடுவார். வேறு யாராவது பக்கத்தில் உட்கார்ந்தால் கத்துவார். அதனால் மருந்துக் கடையோ முடிவெட்டும் கடையோ, எங்கே போனாலும் அவரைப் பின்சீட்டில் உட்காரவைத்து, உள்ளிருந்து கதவு திறக்காதபடி சைல்டு லாக் போட்டுக்கொண்டுதான் போவார். மூன்று வருடத்தில் வாத்தியார் தனியாக ஒரு டீ குடித்ததில்லை.

அந்த அம்மாளைக் கவனித்துக்கொள்ள நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள், மேட்டு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். நான் முன்சீட்டில். இறக்கம் தொடங்குமுன்பே இரண்டாம் கியருக்கு மாற்றி, பிரேக்கை அதிகம் மிதிக்காமல், இன்ஜின் பிடியிலேயே வண்டியை இறக்கினார். கை சுத்தம். கண்தான் சரியில்லை. நொடிக்கொரு தரம் உள்கண்ணாடிக்குப் போனது. அதில் பின்னால் வரும் சாலை இல்லை, மனைவியின் முகம் இருந்தது.

வளைவில் வண்டி நடுக்கோட்டுக்கு நகர்ந்தது. முந்திக்கொண்டு போன லாரி, அவர் பக்கத்துக் கண்ணாடியைப் பிய்த்துவிட்டது. ஓரமாக நிறுத்தினார்.

"வாத்தியாரே, உங்க பாடத்துல நீங்களே பெயிலு."

"முன்னாடி ஒரு தடவ பெல்ட்டக் கழட்டிட்டுப் பாய்ஞ்சு ஸ்டியரிங்கப் பிடிச்சிருக்கா, சிஸ்டர். பாக்காம எப்படி ஓட்றது?"

"அது என் வேல. நீங்க ரோட்டப் பாருங்க. இல்லன்னா மூணு பேரும் மறுபடி ஆஸ்பத்திரிக்கே போவோம், படுத்துக்கிட்டு."

"உங்களப் பக்கத்துல விடமாட்டாளே."

"இங்கேருந்தே திரும்பிப் பாக்குறேன். கழுத்து வலிச்சா என் பாடு."

வாத்தியார் உள்கண்ணாடியைத் திருப்பினார். சாலை தெரிந்தது. வண்டி நகர்ந்ததும் அந்த அம்மாள் முன்னால் சாய்ந்து கண்ணாடியில் எதையோ தேடினார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இத்தனை நாளும் அந்த அம்மாள் அதில் வாத்தியாருடைய கண்ணைப் பார்த்துக்கொண்டுதான் அமைதியாக வந்திருக்கிறார்.

"ஏங்க, எங்க போனீங்க?"

"இங்கதான் இருக்கேன்."

"ஏங்க?"

"இருக்கேம்மா."

அரை நிமிடத்துக்கு ஒரு தரம் கேட்டுக்கொண்டே வந்தார். பதில் சொல்லிச் சொல்லி வாத்தியாரின் குரல் கம்மிவிட்டது. தண்ணீர் பாட்டிலை நீட்டினேன்.

"இறக்கம் முடிஞ்சதும் குடிக்கிறேன். ரெண்டு கையும் ஸ்டியரிங்ல இருக்கட்டும்," என்றார், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ஏங்க?"

"இருக்கேன்."

வீட்டுக்கு இன்னும் பன்னிரண்டு கிலோமீட்டர் இருந்தது.