முனீஸ் கொடுத்த முதல் புகார்

வேலம்பாளையத்தில் பனியன் ஆர்டர் குறைந்தால் வண்டித் திருட்டு கூடும் என்பது பொருளாதாரம் படித்தவர்கள் கண்டுபிடித்ததல்ல. ஏட்டு பொங்கியண்ணன் கண்டுபிடித்தது. அவருடைய ஆராய்ச்சிக்கு ஒரே ஆதாரம் முனீஸ்.

விருதுநகர் பக்கமிருந்து பிழைக்க வந்த முனீஸ், வேலையில்லாத ஒரு கோடையில் வண்டி திருடிப் பிடிபட்டவன். பிறகு ஆத்தப்பன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லரானான். பழைய நீல மொபெட் ஒன்றை வாங்கி, மட்கார்டில் மனைவி அபிராமியின் பெயரை எழுதினான். விலை கொடுத்து வாங்கிய முதல் வண்டியல்லவா, துடைக்கும்போதெல்லாம் நெஞ்சு நிமிரும்.

இந்த வருஷம் ஆர்டர் படுத்துவிட்டது. கம்பெனி அரை ஷிஃப்டானது. முனீஸைக் கண்டதும் தெருவே வண்டிக்கு இரண்டாவது பூட்டுப் போட்டது. நாட்டின் ஏற்றுமதி நிலவரத்தைத் தன் முகத்தில் பார்க்கிறார்களே என்று அவன் பொறுத்துக்கொண்டான். முதலாளி ஆத்தப்பனும் சிக்கனமாகி, காரை வீட்டில் நிறுத்திவிட்டு, பரணில் கிடந்ததுபோல் தூசி படிந்த நீல மொபெட்டில் வரத் தொடங்கினார். ஆட்குறைப்பு வரப்போகிறது, பெயர் கெட்டவன்தான் முதலில் வெளியே போவான் என்று கம்பெனி முழுக்கப் பேச்சு.

ஒரு மதியம் ஷிஃப்ட் முடிந்து வந்தால் முனீஸின் வண்டியைக் காணோம். பக்கத்தில் நின்ற இன்னொரு நீல மொபெட்டை அவன் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அடுத்தவர் வண்டியைப் பார்ப்பதையே விட்டுவிட்டவன். நேராக ஸ்டேஷனுக்கு நடந்தான்.

“என்றா முனீசு, மறுபடியும் வந்துட்டியா? இந்தத் தடவை யார் வண்டிடா?” என்றார் பொங்கியண்ணன்.

“என் வண்டிதான் ஏட்டய்யா. களவு போயிருச்சு.”

“உன்ற வண்டியவா? எவண்டா அந்த தைரியசாலி?”

“சிரிக்காதீக. புகார எழுதுங்க.”

அப்போது வாசலில் ஒரு நீல மொபெட் வந்து நின்றது. வேர்த்து விறுவிறுக்க இறங்கினார் ஆத்தப்பன்.

“ஏனுங்க ஏட்டு, வண்டிப் பெட்டில வெச்ச சோத்துத் தூக்குப்போசியக் காணோமுங்க. போசி இல்லாம ஊட்டுக்குள்ளயே வராதீங்கன்னு எங்க ஊட்டம்மா மயிலாத்தா சொல்லிப்போட்டா. வேற ஆரு, இந்தா நிக்கறானே, இவந்தான்! நாளைக்கிருந்து உனக்கு வேலை இல்லடா!”

முனீஸ் வாசலுக்குப் போய், பையிலிருந்த பனியன் வேஸ்ட் துணியை எடுத்து அந்த வண்டியின் மட்கார்டில் படிந்திருந்த புழுதியைத் துடைத்தான். ஏட்டு குனிந்து படித்தார்.

“ஏனுங்க, உங்க ஊட்டம்மாவுக்கு எப்பங்க அபிராமின்னு பேர் மாத்துனீங்க?”

தேய்ந்த சாவி எந்தக் கிழட்டு மொபெட்டையும் கிளப்பும். கார் பழக்கத்தில் இருந்தவருக்குத் தன் வண்டி எதுவென்று தெரியவில்லை. கைக்குக் கிடைத்ததில் ஏறிப் போயிருக்கிறார். அவருடைய வண்டியும் போசியும் கம்பெனி நிழலில் பத்திரமாக இருந்தன. ஏட்டின் கொள்கை மீண்டும் நிரூபணமானது, ஆள்தான் மாறிவிட்டார்.

“புகாரு எழுதிறலாங்களா?” என்றார் பொங்கியண்ணன். கேட்டது முனீஸை!

ஆத்தப்பன் தொண்டையைக் கனைத்தார். “கண்ணு முனீசு, காலைல நேரமே வந்துரு. உன்ற மிஷின் உனக்குத்தான்.”

முனீஸ் அவசரப்படவில்லை. உள்ளே வந்து, ஏட்டின் முன்னால் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தான்.

“விட்ருங்க ஏட்டய்யா. வேல கொறஞ்ச காலத்துல யாருக்கும் கை தடுமாறத்தான் செய்யும். மொதலாளி திருந்திருவாக.”

பிறகு ஆத்தப்பனைப் பின்னால் உட்காரவைத்து, கடைவீதி வழியாகவே, மெதுவாக, கம்பெனிக்கு வண்டியை ஓட்டினான்.