எருமையில் வந்த மகாலட்சுமி

குறி சொல்லும் டாரட் அட்டைகளுக்கு எனக்குப் பிடித்தபடி வர்ணம் தீட்டிக்கொண்டிருந்தேன். ஈரச் சாயத்தின் வாசனை என்னை உக்குவளைக்கு, கிராம்பு மணக்கும் மாமாவின் வீட்டுக்குக் கொண்டுபோனது.

மாமா கிளி ஜோசியக்காரர். அட்டைப் படங்களையும் அவரே வரைவார். அப்பா ஆஸ்பத்திரியில் இருந்த சமயம், அம்மா ஜோசியம் கேட்டால் எமன் படம் வந்துவிடுமோ என்று பயந்தேன். யாரும் பார்க்காதபோது எமனின் மீசைமேல் சாயம் பூசி, கையில் தாமரை வரைந்து, மகாலட்சுமியாக்கினேன்.

மறுநாள் கிளி அதையே எடுத்தது. மாமா படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மகாலட்சுமி வந்திருக்கா, அக்கா. மச்சான் சுகமா வீட்டுக்கு வருவாரு."

நான்காம் நாள் அப்பா இறந்துபோனார்.

இத்தனை வருடம் சொல்லாததை இன்று அம்மாவிடம் சொன்னேன்.

"மகாலட்சுமி எருமையிலயா வருவா? எனக்கு அப்பவே தெரியும்டி," என்றாள் அம்மா. "நீ அவ்வளவு ஆசையா வரைஞ்சிருந்த. அதனால நானும் மூணு நாள் நம்பினேன்."