மினுக்கினால் அப்பா பார்க்கிறார்

மாமா வேலை பார்த்த பிரவுசிங் சென்டரை மூடியபோது, இனி உதவாது என்று ஒதுக்கிய கம்ப்யூட்டர்களில் ஒன்றைச் சிதம்பரத்திலிருந்து கடலூருக்குப் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு வந்தார். மாமா என்றால் அம்மாவின் தம்பி; எங்களோடுதான் இருந்தார். ஜன்னலோர சீட்டில் அதை உட்கார வைத்துவிட்டு இவர் நின்றுகொண்டே வந்தாராம். பழைய இரும்புக்காரரே யோசித்து வாங்கும் கோலத்தில் இருந்த அந்தப் பெட்டியை அம்மா வாசலிலேயே மறித்தாள்.

“உள்ள ஒண்ணு கெடக்குறது பத்தாதா? இது வேற எதுக்குடா?”

“அக்கா, இது சர்வர். நம்ம போட்டோவெல்லாம் இதுல போட்டு வெச்சா மச்சான் அங்கேருந்தே பாத்துக்கலாம். ஊரான் வீட்டுல கொண்டுபோயி எதுக்கு வெக்கணும்?”

மச்சான் என்றதும் அம்மா வழி விட்டாள். அப்பா வளைகுடாவில் வெல்டர். வெள்ளிக்கிழமை லீவில் எங்கள் வீட்டுப் போனுக்குக் கூப்பிடுவார். அவர் தங்கியிருந்த கேம்புக்குப் பக்கத்தில் ஒரு இன்டர்நெட் கடையும் இருந்தது.

பெட்டி கூடத்தில், சாமி அலமாரிக்குப் பக்கத்தில் குடியேறியது. தூசு படக் கூடாதென்று அம்மா பழைய புடவையில் உறை தைத்துப் போர்த்த, அது கொதித்துப்போய் அடிக்கடி நின்றுபோனது. மாமா தலையில் அடித்துக்கொண்டு உறையைப் பிடுங்கிப் போட்டார். அங்கிருந்து அவர் அறைக்கு ஒரு நீல ஒயர் ஓடியது. படம் ஏற்றுவதெல்லாம் அறையில் இருந்த கம்ப்யூட்டரிலிருந்துதான்.

பெட்டியின் முகத்தில் சின்னதாக ஒரு ஆரஞ்சு விளக்கு. “இது விடாம மினுக்குச்சுன்னா மச்சான் பாக்குறாருன்னு அர்த்தம்” என்று மாமா சொல்லிவிட்டார். நான் விழுந்த பல்லின் ஓட்டையை அந்த விளக்குக்கு வாயைத் திறந்து காட்டியிருக்கிறேன். அம்மா அது மினுக்கினால் முந்தானையைச் சரிசெய்துகொள்வாள். அவருக்குப் போட்டோதான் தெரியும், நாம் தெரிய மாட்டோம் என்று மாமா எத்தனையோ சொல்லிப் பார்த்தார். அம்மா கேட்கவில்லை.

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருஷம், ஆயுத பூஜைக்கு முன்னால் நல்ல மழை பிடித்துக்கொண்டது. போன் செத்துவிட்டது. வெள்ளிக்கிழமை அப்பாவின் குரல் இல்லை. அன்றைக்கே டிவியில், அப்பா இருந்த ஊரில் ஒரு தொழிலாளர் குடியிருப்பு எரிந்துவிட்டதாகச் சொன்னார்கள். எந்தக் குடியிருப்பு என்று சொல்லவில்லை. மாமா குடையை எடுத்துக்கொண்டு டெலிபோன் பூத்துக்கு ஓடினார். அப்பாவின் செல்போன் அணைந்து கிடப்பதாகவே சொல்லிக்கொண்டிருந்ததாம். தொப்பலாக நனைந்து திரும்பிவந்து, “டவர் இல்ல போலருக்குக்கா” என்றார். அவர் முகத்தைப் பார்த்தால் எனக்கே நம்பிக்கை வரவில்லை.

அம்மா அழவில்லை. அதுதான் பயமாக இருந்தது. மறுநாள் ஆயுத பூஜை. எதுவும் நடக்காததுபோல் தையல் மிஷினையும் அரிவாள்மனையையும் சைக்கிளையும் கழுவித் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தாள். மாமாவின் கம்ப்யூட்டருக்கும் கீபோர்டு வரைக்கும் பொட்டு. பூஜை முடிந்தால் மறுநாள் காலை வரை எதையும் தொடக் கூடாது. போன வருஷம் ஒரு பென்சிலை எடுத்ததற்கு எனக்கு முதுகில் விழுந்தது. கூடத்துப் பெட்டியை மட்டும் பொட்டோடு ஓடவிட்டாள். “அது வேல செய்யல. அவுங்களுக்காவ முழிச்சிருக்குது” என்றாள்.

பூஜை முடிந்தும் அவள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அலமாரிக்கு எதிரே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவள், சாயங்காலம் வரை எழுந்திருக்கவில்லை. மாமா சாப்பிடக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

விளக்கு வைக்கிற நேரம் இருக்கும். அந்த ஆரஞ்சு விளக்கு மினுக்கியது. நின்றது. மறுபடி மினுக்கியது. பிறகு விடாமல் மினுக்க ஆரம்பித்தது.

“அம்மா! அப்பா பாக்குறாரு! அப்பா பாக்குறாரு!” என்று குதித்தேன். அப்படியொரு நிம்மதி எனக்கு அதன்பிறகு எந்தப் பரீட்சை முடிவிலும் வந்ததில்லை. அம்மா விளக்கையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சாத்தியிருந்த அறைக் கதவைப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, சாதம் வடித்து இலை போட்டாள்.

மறுநாள் காலையில் எதிர்வீட்டு அக்கா கையில் செல்போனோடு மழையில் ஓடி வந்தார். அப்பாதான். எரிந்தது வேறு கேம்ப். இவர்களை வேறு இடத்துக்கு மாற்றிய அவசரத்தில் போன் மூட்டைக்குள் மாட்டிக்கொண்டதாம். அம்மா அவரை வாய்க்கு வந்தபடி திட்டினாள். திட்டிக்கொண்டே சிரித்தாள். மாமா வாசல்படியில் உட்கார்ந்து, பாரம் இறக்கிவைத்த ஆளைப்போல் பெருமூச்சு விட்டார்.

நேற்று போட்டோவெல்லாம் பார்த்தாயா அப்பா என்று நான் கேட்பதற்குள் மாமா போனை வாங்கிக்கொண்டார்.

இப்போது நானும் இந்த மாதிரிப் பெட்டிகளோடுதான் மாரடிக்கிறேன். எங்கள் வீட்டுக்கு இன்டர்நெட் வந்ததே அந்தப் போன் கம்பி வழியாகத்தான். போன் செத்தால் வெளியிலிருந்து யாரும் அந்தப் பெட்டிக்குள் வர முடியாது. வீட்டுக்குள்ளேயே நீல ஒயரின் மறுமுனையில் உட்கார்ந்து ஒருவர் படங்களை ஒவ்வொன்றாகத் திறந்தால் மட்டும்தான் விளக்கு மினுக்கும். ஒவ்வொரு மழையிலும் போனும் இன்டர்நெட்டும் சேர்ந்தே சாவதை அம்மா பார்த்திருக்கிறாள். அன்றைக்கு அது தெரியாதவள் நான் மட்டும்தான்.

அந்த ஆயுத பூஜை ராத்திரி, இலை போட்ட பிறகு அம்மா அறைக் கதவைத் தட்டினாள். “போதும்டா, அவுங்களுக்குக் கண்ணு வலிக்கப் போவுது. வந்து சாப்புடு.” மாமா வந்தார். அவர் விரல் நுனியிலெல்லாம் சந்தனமும் குங்குமமும். பென்சிலுக்கே அடித்த அம்மா அந்தக் கையைப் பிடித்து முந்தானையால் ஒவ்வொரு விரலாகத் துடைத்துவிட்டாள்.

நான் திரும்பிப் பார்த்தேன். விளக்கு நின்றிருந்தது. அப்பாவும் சாப்பிடப் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டு அப்பளத்தை நொறுக்கினேன்.